ஊரெல்லாம் ஃபன் டைக்

ஒரு மனுஷனுடைய குடும்பப் பெயரைக் கத்தரிக்காய் மாதிரிக் கூறு கட்டி விற்றது நீதான். இல்லையென்று சாதிக்காதே. மணல்பாக்கம் துறைமுகத்தில் தரகு பார்த்த உன்னைத் தவிர யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

நடந்ததைச் சொல்கிறேன், எல்லாரும் கேட்கட்டும்.

ஒல்லாந்து தேசத்து வணிகர் ஹென்றிக் ஃபன் டைக், எங்கள் ராஜாவுக்கு ஒரு தூரக்கண்ணாடி கொடுத்தார். ராஜா குளிர்ந்துபோனார். "ஃபன் டைக் என்ற குடும்பப் பெயர் உள்ள எவரும் சுங்கம் கட்ட வேண்டாம்" என்று செப்பேட்டில் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதமே அந்தக் குடும்பம் பெருகிவிட்டது. எண்ணெய்க்கடை முத்துவீரன் ஃபன் டைக். வெற்றிலை மண்டி சங்கிலி ஃபன் டைக். கருவாட்டுக்கடை ராக்காயி ஃபன் டைக். கேட்டால், "துரை எங்களுக்குச் சித்தப்பா முறை" என்றார்கள். எல்லாம் உன் கைவேலை. விற்ற பெயரில் முதல் கூறை உனக்கே எடுத்து வைத்துக்கொண்டாய்.

சுங்கம் நின்றது. ஏரிக்கரையில் விரிசல்; அடைக்கக் கூலி இல்லை. கரைக்குக் கீழேதான் கடைத்தெரு. என் கடையும் அங்கேதான்.

ராஜா மந்திரி திருமேனிப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சுங்கம் வரணும். மழைக்கு முன்னாடி கரை அடைபடணும். நான் கொடுத்த வாக்கும் மாறக்கூடாது. முடியலேன்னா மூட்டையைக் கட்டும்."

"ஆகட்டும் மகாராஜா" என்ற பிள்ளை, நேரே ஒல்லாந்தரிடம் போனார்.

"துரை, உங்க குடும்பப் பெயர் எப்படி வந்தது?"

துரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "டைக் என்றால் கரை. எங்கள் ஊர் கடலைவிடப் பள்ளம். என் முன்னோர் கரையோரம் இருந்தவர்கள். அங்கே அவரவர் பங்குக் கரையை அவரவரே காக்கவேண்டும்."

"முடியாதவன்?"

"மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டுப் போகவேண்டும். அத்தோடு அவன் உரிமையெல்லாம் போச்சு."

மறுநாள் தமுக்கு அடித்தார்கள். "ஃபன் டைக் குடும்பத்தாருக்கு அவர்கள் குலவழக்கப்படியே ஏரிக்கரையில் பங்கு பிரித்தாயிற்று. மழைக்கு முன் அடைக்க வேண்டியது. முடியாதவர் அதே வழக்கப்படி மண்வெட்டியை நட்டுவிட்டு, பெயரையும் சலுகையையும் விட்டுப் போகலாம்!"

முத்துவீரன் கரையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். நட்டார். "நான் பிறந்தது சேத்தூரு, எனக்கெதுக்குய்யா ஒல்லாந்து?" என்று ராக்காயியும் நட்டாள். சாயங்காலம் கரை முழுக்க மண்வெட்டிக் காடு. சுங்கச்சாவடியில், பழைய பெயர்களோடு நீண்ட வரிசை. அந்தச் சுங்கத்தில் கூலியாட்களை அமர்த்தி, நட்டுப்போன மண்வெட்டிகளையே அவர்கள் கையில் கொடுத்தார் பிள்ளை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒல்லாந்தர் அரண்மனைக்கு வந்தார். சட்டையெல்லாம் சேறு. உள்ளங்கையில் கொப்புளம்.

"யாரு வந்திருக்கிறதா சொல்லட்டும்?" என்றான் வாயிற்காவலன்.

துரை கொப்புளத்தை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஹென்றிக். வெறும் ஹென்றிக்."

உள்ளே இருந்து கேட்ட ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார்.

கரை அடைபட்டுவிட்டது, ஒரே ஓர் இடம் தவிர. அது உன் பங்கு. நீ வேலைக்கும் வரவில்லை, மண்வெட்டியும் நடவில்லை. அதனால் அதில் வேறு எவனும் கைவைக்கக் கூடாது, வழக்கம் வழக்கம்தான் என்கிறார் பிள்ளை. இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே ஃபன் டைக் நீதான். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒளிந்த இடத்தைவிட்டு வெளியே வந்து மண்ணைப் போடுடா!