பட்லரின் பகல் சாப்பாடு

ஜமீன் சமையலறையில் பாலைத் திரித்துப் பனீர் வடித்ததும், மிஞ்சும் தண்ணீரைத் தன் பிள்ளைகளுக்கு எடுத்துப்போவாள் வேலைக்காரி வடிவழகி. ஒருநாள் ஜமீன்தார் அங்கே வந்திருந்தபோது, புதிதாக வந்த பட்லர் தேவசகாயம் அதைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார்.

"இதுல என்ன சத்து இருக்கு? என் பேக்கிங் பவுடரைப் பாருங்க எஜமான்! ஒரு சிட்டிகை போட்டா மாவு ரெண்டு மடங்காகுது. அதுதான் சத்து!"

ஜமீன்தார் அவளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"பட்லர் ஐயா சொன்னா சரிதாங்க. இன்னைக்கு மத்தியானம் அவருக்குப் பவுடர் மட்டும், எனக்கு இந்தத் தண்ணி மட்டும். சாயங்காலம் யார் அண்டாவைத் தூக்குறாங்கன்னு பார்த்துடலாம்."

அடுப்பில் பிரியாணி மணத்தது. பட்லர் எச்சிலை விழுங்கினார்.

"எஜமான், அந்தப் பவுடர் மாவைத்தான் உப்ப வைக்கும். வயித்துக்குச் சோறு வேணுங்களே!"

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் உத்தரவுப்படி, அன்று முதல் அந்தத் தண்ணீரைக் குடத்தில் வடிவழகியின் வீடுவரை சுமந்தவர் பட்லர்தான்.