கீரைக்காரி கேட்ட கொசுறு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாலே, ஏழு கடல் கப்பலும் வந்து நிற்கும் துறைமுகம் ஒன்று. அங்கே கீரை விற்றாள் மரிக்கொழுந்து. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! கப்பல்காரர்களோடு பேரம் பேசிப் பேசியே இங்கிலீஷ் பழகிக்கொண்டவள்.

ஒரு நாள் சந்தை வாசலில் ஒரு மந்திரவாதி பித்தளைக் கிளியோடு வந்து உட்கார்ந்தான். மந்திரமெல்லாம் அந்தக் கிளிக்குள்தான். அது சொல்லும் மூன்று இங்கிலீஷ் சொல்லுக்கும் அதற்கே புரிகிற மாதிரி அர்த்தம் சொல்ல வேண்டும். தவறினால் சொன்ன ஆள் கல்! சரியாகச் சொன்னால் கல்லான ஒருவருக்கு உயிர் வரும்.

அரண்மனைப் பண்டிதர்கள் ஒன்பது பேர் தடிதடியான புத்தகங்களோடு போனார்கள். ஒரு சொல்லுக்கு நூறு சொல் சொன்னார்கள். "புரியலையே!" என்றது கிளி. ஒன்பது பேரும் கல். வேடிக்கை பார்க்கப் போய் வாயைக் கொடுத்த செங்கோடனும் கல். அவன் மரிக்கொழுந்தின் ஒரே அண்ணன்.

சேதி கேட்டதும் அவள் எழுந்தாள். கூடையோடு நேரே போய் நின்றாள்.

"கீரைக்காரிக்கு இங்கிலீஷா?" என்று சிரித்தான் மந்திரவாதி.

"உன் கிளியைக் கேட்கச் சொல்லுய்யா!"

கிளி கேட்டது: "ஃப்ரெஷ்?"

"இந்தத் தண்டைக் கிள்ளு. படக்குனு ஒடியுதா? விடியக்காலம் பறிச்சது. அதான் ஃப்ரெஷ்."

"புரிஞ்சுது! பிஸி?"

"பத்துப் பேர் சுத்தி நின்னு கீரை கேக்கிறாங்க. மூக்கு அரிக்குது. சொறிய நேரமில்லை. அதான் பிஸி."

"புரிஞ்சுது, புரிஞ்சுது! எக்ஸ்ட்ரா?"

"கேட்ட கீரையைக் கொடுத்துட்டு, மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவேனே, அந்தக் கொசுறு!" என்று கிளி முன்னால் ஒரு கொத்து போட்டாள்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது, புரிஞ்சுது!"

செங்கோடன் கண்ணைத் திறந்தான். "தங்கச்சி!" என்று ஓடி வந்தான்.

"கிளம்பு, கிளம்பு" என்றான் மந்திரவாதி. மரிக்கொழுந்து அசையவில்லை.

"மூணு சொல்லுக்கு அண்ணன். சரியாப் போச்சு. கொசுறு எங்கே? அந்த ஒன்பது பேரையும் போடு!"

மந்திரவாதி கிளியின் வாயைப் பொத்தப் பாய்ந்தான். கிளியோ, "எக்ஸ்ட்ரா! எக்ஸ்ட்ரா!" என்று கத்தியது. ஒன்பது பண்டிதர்களும் எழுந்தார்கள். பித்தளை உதிர்ந்து, கிளி பச்சைப் பசேலென்று பறந்து கூடையில் உட்கார்ந்தது. வெறுங்கையோடு மந்திரவாதி பிடித்தான் ஓட்டம்!

"எங்க வீட்டுப் பொண்ணு!" என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தான் செங்கோடன்.

தலைமைப் பண்டிதர் கைகூப்பினார். "அம்மா, எங்களுக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா?"

மரிக்கொழுந்து நிமிர்ந்து நின்றாள்.

"முதல்ல கீரை வாங்குங்க, சாமி. இங்கிலீஷ் கொசுறு!"