ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி

ஞானவடிவேலு டெல்லியில் பெரிய பொருளாதார ஆலோசகர். நாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இருபது வருஷம் கழித்து எங்கே போய் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருக்கும் ஒரு குரு இருந்தார். பொதிகை அடிவாரத்து மடத்தில் இருந்த குமரகுரு சாமி. இவரைவிட வயதில் இளையவர்.

அந்தத் தடவை வந்தபோது மனிதர் முகமே சரியில்லை. மலைக்கிராமங்களுக்குக் கொடுக்கிற ரேஷன் அரிசியை நிறுத்திவிடலாமா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். இவர் சொல்வதுதான் முடிவு. நிறுத்தலாம் என்றது கணக்கு. மனசுதான் முரண்டு பிடித்தது.

"சாமி, நாடு மளமளன்னு வளருது. சராசரி வருமானம் ஏறிக்கிட்டே போகுது. இனிமே அரிசி எதுக்குன்னு கேக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"குருபூஜைக்கு வந்திருக்கீர். முதல்ல பாயசத்தைப் பரிமாறும்" என்றார் சாமி.

கரும்பு தின்னக் கூலியா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். பந்தியின் முதல் வரிசையில் மில் முதலாளிகள், ஊர்ப் பெரிய மனிதர்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். தெரிந்த முகத்தைக் கண்டால் கரண்டி தானாக நிறையத்தானே செய்யும்! போதும் போதும் என்றவர்களுக்கும் விடாமல் ஊற்றினார். கடைசி வரிசைக்கு வந்தபோது வாளி காலி. மடைப்பள்ளிக்கு ஓடிப் பார்த்தார். அங்கே அண்டாவும் காலி.

கடைசி வரிசையில் மலைக்கிராமத்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் தலை இலையில் அமர்கிற சாமி, அன்றைக்கு அவர்களுக்கு நடுவே சம்மணம் போட்டிருந்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு பாயசத்தைத் தொட்டு வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். சாமி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். பந்தி முழுக்கச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. முதலாளிகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

ஞானவடிவேலுவை அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பழகின வாய் சும்மா இருக்குமா?

"பாயசம் குறைச்சல் இல்ல சாமி. போன வருஷத்தைவிட அதிகமாத்தான் காய்ச்சியிருக்கு. சராசரி பார்த்தா ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி வருது."

சாமி தன் இலையை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"சந்தோஷம். பந்தி காத்திருக்கு. அந்த ஒன்றரைக் கரண்டியை இந்த இலையில ஊத்தும்."