காதில் சொன்ன பேர்

கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது தாய்க் கௌதாரி. காலுக்கு ஓய்வே இல்லை. "ஏ குப்பை! முள்ளுக்குள்ளேயே இரு!" என்று மகளுக்குக் குரல் மட்டும் கொடுத்தது.

பக்கத்தில் மேய்ந்த மயிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெத்த பிள்ளைக்கு வைக்கிற பேரா இது? என் மகன் பேரைக் கேளு! மரகதராசா!" என்று காடு முழுக்கக் கேட்க அகவியது.

கௌதாரி கிளறிக்கொண்டே இருந்தது. முன்பு பொரித்த குஞ்சுகளை எல்லாம் பறிகொடுத்த தாய் அது. அதனால் குலவழக்கப்படி, நல்ல பேரைக் குஞ்சின் காதில் மட்டும் சொல்லி வைத்தது. ஊர் கூப்பிட ஒரு குப்பைப் பேர். காதுப் பேரைச் சொல்லி அழைத்தால்தான் குஞ்சு முள்ளை விட்டு வெளியே வரவேண்டும்.

குஞ்சுக்கோ அழுகை. "அம்மா, ஒரே ஒரு தடவை என் நல்ல பேரை மயில் பெரியம்மாகிட்ட சொல்றேனே!"

"மூச்! சொல்லக் கூடாது!"

கௌதாரி கூப்பிட்டதையும் மயில் அகவியதையும் ஒரு நரி கேட்டுக்கொண்டே இருந்தது. மயில் தண்ணீர் குடிக்கப் போனது. கௌதாரி அடுத்த புற்றுக்கு நகர்ந்தது. உடனே நரி குரலை மாற்றிக்கொண்டு, "மரகதராசா, வா கண்ணு!" என்றது.

மயில்குஞ்சு குடுகுடுவென்று ஓடிவந்தது. நரி பாய்ந்தது. நல்லவேளை, வாயில் சிக்கியது நாலு இறகுதான்! குஞ்சு தத்திப் பறந்து கிளையில் ஏறிக்கொண்டது.

நரி முள்புதருக்கு வந்தது. "குப்பை, அம்மா வந்திருக்கேன்!"

புற்றின் பின்னால் நின்ற தாய்க் கௌதாரிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அம்மாவா? அப்ப என் காதுப் பேரைச் சொல்லு!"

"அது... வெயில்ல அலைஞ்சதுல மறந்துபோச்சுடி. நீயே சொல்லேன், எவ்வளவு அழகான பேரு!"

காலையிலிருந்து அதைச் சொல்லத்தானே குஞ்சு துடித்தது! சொல்லிவிடுமோ?

"சொல்றேன். ஆனா எங்க வழக்கப்படி காதுலதான் சொல்லணும். கிட்ட வா... இன்னும் உள்ளே!"

நரி ஆசையாகத் தலையைப் புதருக்குள் நுழைத்தது. காதெல்லாம் முள்! "ஐயோ!" என்று திரும்பினால் மூக்கிலும் முள்! ஊளையிட்டுக்கொண்டே காட்டைத் தாண்டி ஓடியது.

சத்தம் கேட்டு மயில் ஓடோடி வந்தது. நடந்ததை அறிந்து மகனை அணைத்துக்கொண்டது. ஆனாலும் ஆவல் விடவில்லை. "கௌதாரி, எனக்கு மட்டும் சொல்லேன். உன் மகள் பேர்தான் என்ன?"

"அதுக்கென்ன மயிலக்கா! முள்ளுகிட்ட வந்து காதைக் கொடு, அவளே சொல்லுவா!"

மயில் ஒரே தாவில் பின்னால் குதித்தது.

ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிப் பெருமைப்படும் பேரைவிட, தனக்குள் காத்து வைத்த பேரே ஒருவரைக் காக்கும்.