ஆவுடைநாதரின் குறைச் சுவடி

தும்பைக்கோட்டை ராஜாவுக்குக் கவிதைக் கிறுக்கு. தன்னைப் பற்றித் தானே ஆயிரம் பாட்டில் ஒரு காவியம் பாடியிருந்தார். அரண்மனையில் எல்லோரும் ஆகா ஆகா என்று தலையாட்டினார்கள். ஆவுடைநாதர் மட்டும் ஆட்டவில்லை. அந்த நாட்டின் விமரிசகர் அவர். நாற்பது வருஷமாகப் புலவர்களின் பாட்டைப் படித்து, குறைகளை ஓலையில் எழுதி வைத்தவர். இப்போது படுத்த படுக்கை. வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

ஆஸ்தானப் புலவர் குஞ்சிதபாதக் கவிராயருக்கு வாயெல்லாம் பல். சுவடியில் அவருக்கு மட்டும் முந்நூறு குறை!

"மகாராஜா, நாளைக்கு ஆடிப்பெருக்கு. பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது வழக்கம்தானே? கிழவரின் சுவடியையும் விட்டுவிடலாமே!"

"விட்டுவிடும்," என்றார் ராஜா.

மந்திரி பிச்சாண்டி முன்னால் வந்தார். ஆவுடைநாதர் என்றால் அவருக்கு உயிர். அந்த அரண்மனையில் பொய் பேசாத வாய் அது ஒன்றுதான்.

"தாராளமாக விடலாம், மகாராஜா. ஒரே ஒரு சங்கடம். சுவடியில் எல்லாப் புலவர்களின் குறையும் இருக்கிறது. தங்கள் காவியத்துக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. இருக்கிற ஒரே சாட்சியையும் ஆற்றில் போடுவானேன்?"

"ஒன்றுகூடவா இல்லை?"

"ஓர் எழுத்துகூட இல்லை."

ஏன் இல்லை என்று ராஜா கேட்கவில்லை. பிச்சாண்டியும் சொல்லவில்லை.

"சுவடிக்குப் பத்துப் படி எடுங்கள்! ராஜமுத்திரை போடுங்கள்! இதை அழிப்பவன் தலை உருளும்!"

கையோடு பட்டுச் சால்வையுடன் ஆவுடைநாதர் வீட்டுக்கே போனார் ராஜா. பின்னாலேயே பிச்சாண்டியும் கவிராயரும் போனார்கள்.

"ஐயா, என் காவியத்தில் குறையே காணவில்லையாமே?"

கிழவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பத்துப் பாட்டாவது தேறினால்தான் நான் குறை எழுத உட்காருவேன், மகாராஜா. தேறாததற்கு ஓலையை வீணாக்குவதில்லை."

கவிராயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியானால் எனக்கு முந்நூறு...?"

"உம்மிடம் சரக்கு இருந்தது ஓய். அதனால்தான் திட்டினேன்."

கவிராயர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்துப் படி போதாது, மகாராஜா. நூறாக எடுக்கலாம்," என்றார்.

ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. முத்திரை போட்டாயிற்று, இனி சுவடியைத் தொடவும் முடியாது. கட்டிலோரம் உட்கார்ந்து கெஞ்சினார்.

"போகிற காலத்தில் எனக்கும் ஓர் ஐம்பது குறையாவது எழுதிவிட்டுப் போகக் கூடாதா, ஐயா?"

"ஐம்பதோடு நிறுத்த மனசு வராதே, மகாராஜா. முழுசாக எழுத இன்னோர் ஆயுள் வேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது.