ஏழாவது கிளாஸ்

"முப்பது வருஷமா வயர்லெஸ்ல உட்கார்ந்தவன் மேடம் நான். எனக்கே பாடமா?"

கேட்டவர் சப்-இன்ஸ்பெக்டர் இருதயராஜ். வெள்ளம், புயல் என்றால் எல்லாத் துறைகளையும் ஒரே அறையிலிருந்து இணைக்கிற வேலைக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு அது. பாடம் நடத்திய மைமூன் அவருடைய மகளைவிட ஒரு வயது இளையவர். வயிற்றெரிச்சல் இருக்காதா?

மைமூன் சிரித்தார். "வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க சார்?"

"கூப்பிடுற எல்லாருக்கும் பதில் சொல்வேன். ஒருத்தரையும் விட்டதில்ல. அழுத பிள்ளைக்குத்தானே மேடம் பால்?"

டீ வந்தது. மைமூன் தட்டை அவரிடமே நீட்டினார்.

"நீங்களே குடுங்க சார்."

"இங்க ஒண்ணு!" "சார், எனக்கு!" நாலா பக்கமும் குரல். இருதயராஜ் சுறுசுறுப்பாகக் கொடுத்து முடித்தார்.

"ஆச்சு மேடம். கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தாச்சு."

மைமூன் கடைசி பெஞ்சைக் காட்டினார். மின்வாரிய லைன்மேன் சுடலைமுத்து, தொண்டை கட்டி, கழுத்தில் மப்ளரோடு வெறுங்கையாக உட்கார்ந்திருந்தார். தீயணைப்புக்காரர் கையில் இரண்டாவது கிளாஸ் இருந்தது.

மைமூன் தன் டீயைச் சுடலைமுத்துவிடம் கொடுத்தார். பிறகு காலி கிளாஸ்களில் ஏழு எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"துறைக்கு ஒண்ணு. பேசினவங்களோட கிளாஸை நிமிர்த்துங்க சார். மணிக்கொரு தடவை எல்லாத்தையும் திரும்பக் கவிழ்த்திடுங்க."

"துறை ஆறுதானே மேடம்? ஏழாவது எதுக்கு?"

"இருக்கட்டும் சார்."

ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையில் இருதயராஜ். முன்னால் ஏழு கிளாஸ். படகு கேட்டது சுகாதாரத் துறை. கயிறு கேட்டது தீயணைப்பு. வருவாய்த் துறை எல்லாவற்றையும் கேட்டது. ஆளுக்கொரு பதில் சொல்லியே விடிந்ததிலிருந்து மதியமாகிவிட்டது.

மேசையைப் பார்த்தார். மின்வாரியத்தின் கிளாஸ் கவிழ்ந்தே கிடந்தது.

பழைய இருதயராஜாக இருந்தால், தொந்தரவு பண்ணாத பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டிருப்பார். இப்போது மைக்கை எடுத்தார். கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை.

"படகை துணை மின்நிலையத்துக்கு விடுங்க. யாரும் கேட்கல. நான் சொல்றேன், விடுங்க!"

அங்கே லாரி மேல் சுடலைமுத்து உட்பட நான்கு பேர் நின்றிருந்தார்கள். தண்ணீர் மார்பு வரை. வாக்கி-டாக்கி எப்போதோ நனைந்து செத்திருந்தது.

சாயங்காலம் மைமூனுக்கு போன் போட்டார் இருதயராஜ். நாள் முழுக்கக் கத்தியதில் குரல் கரகரத்தது.

"நாலு உயிர் மேடம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அன்னைக்குக் கேட்டதை மன்னிச்சிடுங்க."

"சந்தோஷம் சார். எல்லா கிளாஸும் நிமிர்ந்துடுச்சா?"

"ஆறும் நிமிர்ந்துடுச்சு மேடம்."

"அப்போ ஏழாவது சார்?"

கதவு திறந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு சுடலைமுத்து வந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியது. மேசையைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த அந்த ஒரு கிளாஸை எடுத்து நிமிர்த்தி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.

"சார், காலையிலேருந்து நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஏழாவது நான்தானா மேடம்?" என்று போனில் கேட்டார் இருதயராஜ்.