பூவரச வேர் வழியே வந்த சாரை

காட்டாற்றின் மேட்டுக் கரையில் வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்ந்துவந்தன. அவற்றுள் குறுவாலன் என்ற எலியின் வளையைப் பார்த்துப் பொறாமைப்படாத எலியே இல்லை. வாசலில் இலந்தை முள். உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை. ஆபத்து வந்தால் ஓடிவிடப் பின்பக்கம் ஒரு வழி. நடுவில் குஞ்சுகள் தூங்கும் அறை. அதற்குப் பூவரச மரத்தின் பருத்த வேரே ஒரு பக்கச் சுவர்.

அந்தக் கரையில் ஒரு சாரைப் பாம்பும் திரிந்தது. ஒருமுறை அது குறுவாலனின் வாசலில் தலையை நுழைத்தது. முள் கிழித்தது. வந்த வழியே திரும்பியது. அன்றிலிருந்து குறுவாலனின் நடையில் ஒரு கர்வம் வந்துவிட்டது.

கோடையில் அந்தப் பூவரசு பட்டுப்போனது. குறுவாலன் அதைக் கவனித்ததோடு சரி.

ஒரு காலை, இரட்டை வால் கொண்ட கரிச்சான் குருவி வளை வாசலில் வந்து இறங்கியது. கரையில் எங்கே என்ன ஆபத்து நடந்தாலும் பறந்து போய் எல்லோருக்கும் சொல்வது அதன் வழக்கம்.

"ஆற்று வளைவில் ஒரு குடும்பமே போய்விட்டது, குறுவாலா. செத்த மரத்தின் வேரைக் கறையான் அரித்தால் உள்ளே வெறும் கூடாகிவிடுகிறது. சாரை அதற்குள் ஊர்ந்து வரக் கற்றுக்கொண்டுவிட்டது. உன் அறையில் இருக்கும் வேரைப் பார். உளுத்த இடத்தில் கூழாங்கல்லைத் திணித்துக் களிமண் பூசிவிடு."

குறுவாலனுக்குச் சுருக்கென்றது. "என் வளையில் குறை கண்டுபிடிக்க வந்தாயா?"

"நீ தோண்டியபோது குறை இல்லை. வேருக்கு உயிர் இருந்தது. சாரைக்கும் இந்த வித்தை தெரியாது. இப்போது இரண்டும் மாறிவிட்டதே."

கரிச்சான் போனதும், மனைவி செம்பி சொன்னது: "இன்றைக்கே அடைத்துவிடுவோம்."

"மண் காயும்வரை குஞ்சுகளை எங்கே வைப்பது? வயலில் கதிர் உதிர்ந்து கிடக்கிறது. அதைப் பொறுக்க வேண்டாமா? அப்புறம் பார்க்கலாம்."

சில நாள் கழித்துக் கரிச்சான் மறுபடி வந்தது. இந்த முறை அது தரையில் இறங்கவே இல்லை. தாழப் பறந்தபடியே கத்தியது.

"மற்றவர்கள் எல்லோரும் அடைத்துவிட்டார்கள். சாரை ஒவ்வொரு வேராக முட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறது. அடைக்காதது எது என்றுதான் தேடுகிறது."

"நாளைக்குக் கட்டாயம் செய்கிறேன்" என்றது குறுவாலன்.

மறுநாள் உச்சிவெயிலில் செம்பி வயலுக்குப் போயிருந்தது. குறுவாலன் குஞ்சுகளின் பக்கத்தில் கண்ணயர்ந்திருந்தது. வேருக்குள் ஏதோ சரசரத்தது. கறையானாக இருக்கும் என்று நினைத்தது. சத்தம் நின்றது. பிறகு அருகில் கேட்டது. ஒரு வாடை வந்தது. குறுவாலனின் மயிர் சிலிர்த்துக்கொண்டது.

வேரின் பட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. பிளவிலிருந்து நாக்கு ஒன்று வெளியே வந்து காற்றைத் துழாவியது.

முள் வாசலில் இருந்தது. வளைவுகள் வாசல் பக்கம் இருந்தன. பகையோ வீட்டின் நடுவில் இருந்தது. குறுவாலன் ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு பின்வழியாக ஓடியது. வெளியே போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. இப்போது சாரையின் தலை முழுதும் அறைக்குள் வந்திருந்தது. இன்னொரு குஞ்சைக் கவ்வியது. ஓடியது. மீண்டும் வந்தபோது கடைக்குட்டி மட்டும் கண் திறவாமல் கிடந்தது. குறுவாலன் பாய்வதற்குள் சாரை பாய்ந்துவிட்டது.

குறுவாலன் பாம்பின் கழுத்தைக் கடித்துத் தொங்கியது. பாம்பு உதறியதில் சுவரில் போய் மோதி விழுந்தது. அதற்குள் வயலிலிருந்து வந்துவிட்ட செம்பி, மறுபடி பாயப்போன குறுவாலனைப் பிடித்து இழுத்தது.

"விடு. கடைக்குட்டி போய்விட்டான். வெளியே இரண்டு பேர் இருக்கிறார்கள்."

ஆளுக்கொரு குஞ்சைக் கவ்விக்கொண்டு, பக்கத்து வளைக்குள் இரண்டும் புகுந்தன. அங்கிருந்த கிழ எலி விலகி வழி விட்டது. வாசலை முள்ளால் அடைத்துவிட்டு, எல்லோரையும் உள்ளறைக்குத் தள்ளியது. அந்த அறையிலும் அதே பூவரசின் வேர் ஒன்று ஓடியது. அதன் வாய் கல்லும் களிமண்ணுமாக இறுகிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த வேருக்குள்ளும் சரசரப்பு எழுந்தது. சாரையின் மூக்கு கல்லில் இடித்தது. உரசியது. மறுபடி இடித்தது. களிமண்ணில் ஒரு துணுக்கு உதிர்ந்து குறுவாலனின் காலடியில் விழுந்தது. கல் அசையவில்லை. சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தது.

"இதை அடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டது குறுவாலன்.

"ஒரு காலைப்பொழுது" என்றது கிழ எலி.

குறுவாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செம்பி அதனிடம் அன்று பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. குறுவாலன் தனியாகவே கல் சுமந்து தன் வளையின் வேரை அடைத்தது.

மழைக்காலம் வந்தது. மண் இளகியதும் கீரி மேலிருந்தே தோண்டி இறங்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகக் கரிச்சான் வந்து சொன்னது. அது சொல்லி முடிக்குமுன் குறுவாலன் குஞ்சுகளை எழுப்பி இடம் மாற்றத் தொடங்கியது.

"இதோடு வேலை முடிந்துவிடுமா?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

"முடியாது. அவர்கள் இன்னொன்று கற்றுக்கொள்வார்கள். நாமும் இன்னொன்றை அடைப்போம்" என்றது குறுவாலன்.

வளையானாலும், கையிலிருக்கும் கைபேசியானாலும், நுழைய நினைப்பவன் புது வழி தேடிக்கொண்டே இருக்கும்வரை, காக்க நினைப்பவனும் ஓட்டையை அடைக்க வரும் திருத்தத்தை (அப்டேட்டை) நாளைக்கென்று தள்ளாமல் உடனே செய்துகொண்டே இருக்க வேண்டும்.